தொங்கா நாடும் ஒற்றை இழையும்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

    

கடலடியில் கிடக்கும் ஒரு வடத்தைப் பற்றியது இன்றைய உரை. மொழி காக்கும் கூட்டத்தில் வடத்துக்கு என்ன வேலை என்று சிலர் வியக்கலாம். அவ் வடத்தின் வழியே ஓடுவது மக்களின் பேச்சும் எழுத்துமே. வடம் அறுந்தால் ஒரு நாடு என்ன ஆகும்? மொழி அறுந்தால் ஓர் இனம் என்ன ஆகும்? இவ்விரு வினாவையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடத் தக்க இடம் ஒன்று இவ்வுலகில் உண்டு. பசிபிக் என்று வழங்கும் அமைதிப் பெருங்கடலின் தென்பால் தொங்கா, பிசி என்னும் இரு தீவுநாடுகள் அண்டையண்டையே உள்ளன. அவற்றை இணைப்பது 827 கி.மீ. நீளமுள்ள ஓர் ஒளியிழை வடம். அவ் வடத்தின் வரலாறு தமிழர்க்கு இரண்டு படிப்பினைகளைத் தருகின்றது. ஒன்று தொங்கா முனையிலிருந்து வருவது; மற்றொன்று பிசி முனையிலிருந்து வருவது. பிசி முனையில் தமிழ்க் குருதியும் கலந்து கிடக்கின்றது.

திருவள்ளுவர் நாளில் நிகழ்ந்த பேரிடர்

திருவள்ளுவர் ஆண்டு 2053, சுறவத் திங்கள் 2-ஆம் நாள். ஆங்கில முறையில் 15-1-2022. தமிழ்நாட்டில் அது திருவள்ளுவர் நாள். மாட்டுப் பொங்கல் நாளும் அதுவே. உழவர்கள் மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு நிறந்தீட்டிக் கொண்டிருந்த காலைப்பொழுது. அதே பொழுதில் தொங்கா நாட்டில் மாலை ஐந்தேகால் மணி. அங்கே கடலுக்குள் இருந்த உங்காத் தொங்கா - உங்கா ஆபாய் என்னும் எரிமலை வெடித்துச் சிதறியது.

அவ் வெடிப்பின் கடுமையைச் சொல்லில் அடக்குதல் அரிது. சாம்பலும் நீராவியும் 57 கி.மீ. உயரம் எழுந்தன. அத்துணை உயரம் எழுந்த எரிமலை முகிலை அதற்குமுன் எவரும் அளந்ததில்லை. வெடியோசை ஏறத்தாழ 10,000 கி.மீ. அப்பால் அலாசுக்காவிலும் கேட்டது. காற்றில் எழுந்த அழுத்த அலை ஞாலத்தைப் பன்முறை சுற்றி வந்தது. தமிழ்நாட்டின் மேலும் அது கடந்து சென்றது. ஆழிப்பேரலை எழுந்து தொங்காவில் நால்வர் உயிரையும், பெருங்கடலின் மறுகரையாகிய பெரு நாட்டில் இருவர் உயிரையும் கொண்டது. மாங்கோ என்னும் சிறுதீவில் வீடுகள் அனைத்தும் அழிந்தன.

இவை கண்ணுக்குத் தெரிந்தவை. கண்ணுக்குத் தெரியாத அழிவு கடலடியில் நிகழ்ந்தது. எரிமலையிலிருந்து சரிந்த சாம்பலும் கல்லும் நீரோடு கலந்து, மணிக்கு 122 கி.மீ. வரை விரைவுற்றுக் கடற்றரை வழியே பாய்ந்தன. அப் பாய்ச்சல் நூறு கி.மீ. தொலைவையும் கடந்து சென்றது. அதன் வழியில் கிடந்தன இரண்டு வடங்கள். ஒன்று தொங்காவின் தீவுகளைத் தம்முள் இணைத்த உள்நாட்டு வடம். மற்றொன்று தொங்காவைப் பிசியோடும், பிசி வழியாக உலகத்தோடும் இணைத்த வடம். இரண்டும் அறுந்தன. நூறாயிரம் மக்கள் வாழும் ஒரு நாடு ஒரே மாலைப்பொழுதில் உலகின் செவியிலிருந்து மறைந்தது.

தொங்காத நாடு

தொங்கா சிறிய நாடு. 170-க்கு மேற்பட்ட தீவுகள்; அவற்றுட் பெரும்பாலானவை மக்கள் குடியில்லாதவை. ஆயினும் மானத்தில் சிறியதன்று. 1875-ஆம் ஆண்டிலேயே முதலாம் சார்சு தூப்போ மன்னர் தம் நாட்டுக்கு அரசமைப்புச் சட்டம் வகுத்தார். மன்னராயினும், குலத்தலைவராயினும், குடிமகனாயினும் எவரும் நிலத்தை விற்கலாகாது என்பது அச் சட்டத்தின் விதிகளுள் ஒன்று. சுற்றியிருந்த தீவுகளெல்லாம் ஐரோப்பியர் கைப்பட்ட காலத்தில் தொங்கா தன் அரியணையை இழக்கவில்லை. 1900 முதல் 1970 வரை ஆங்கிலப் பேரரசின் காப்பில் இருந்ததேயன்றி, முறைப்படி அடிமை நாடாக ஆகவில்லை.

பெயருக்கேற்ப எவர் கையிலும் தொங்காத நாடு தொங்கா! அந் நாடும் ஓர் இழையிலே தொங்க நேர்ந்தது. அவ் விழையின் இயல்பை அறிந்தால்தான் இந் நிகழ்ச்சியின் பொருள் விளங்கும்.

இழை முதல் வடம் வரை

தமிழில் அறிவியலைச் சொல்லச் சொல் உண்டா என்று கேட்போர் இன்னும் உளர். அவர்கள் இவ் வடத்தையே எடுத்துக்கொண்டு பார்க்கட்டும். மெல்லியது இழை. இழை சேர்ந்தது நூல். நூலை முறுக்கினால் புரி. புரிகளைச் சேர்த்துத் திரித்தால் கயிறு. பருங்கயிறு வடம், தேரை இழுப்பதும் வடம், கப்பலைப் பிணிப்பதும் வடம். படிப்படியாக இத்தனை சொற்களைத் தச்சரும் மீனவரும் உழவரும் ஆக்கி வைத்திருக்க, புதுப்பொருள் ஒன்று வந்ததும் அயல்மொழிக்கு ஓடுவது ஏன்? ஒளி செல்லும் இழை ஒளியிழை. ஒளியிழைகளைப் பொதிந்த வடம் ஒளியிழை வடம். கடலின் அடியில் கிடப்பது கடலடி வடம். இதனினும் தெளிவான பெயரை எம் மொழியில் காட்ட முடியும்?

அவ் விழை தூய கண்ணாடியால் ஆயது. அதன் பருமன் ஒரு மி.மீ.-இல் எட்டில் ஒரு பங்கு, தலைமயிரை ஒத்தது. நடுவே உள்ளகம் என்னும் ஒரு பகுதியும், அதனைச் சூழ வேறுவகைக் கண்ணாடியாலான உறையும் உண்டு. உள்ளகத்தில் நுழைந்த ஒளி உறையிற் பட்டு மீண்டும் உள்ளுக்கே திரும்பும். இதற்கு முழு அக எதிரொளிப்பு என்று பெயர். ஊர்க்கிணற்றில் மூழ்கி நீந்தும் சிறுவர் இதனைக் கண்டிருப்பர். நீருக்குள்ளிருந்து சாய்வாக மேலே நோக்கினால் வானம் தெரியாது; நீர்ப்பரப்பே பளபளவென்று ஆடிபோல் தோன்றும். கீழிருந்து சாய்வாகச் செல்லும் ஒளி நீரை விட்டு வெளியேறாமல் திரும்பிவிடுகின்றது. அதே முறையில் ஒளி இழையின் பக்கங்களில் மோதி மோதி, வெளியே சிந்தாமல் முன்னேறுகின்றது.

பேச்சும் எழுத்தும் படமும் முதலில் எண்களாக மாற்றப்படும். பின்னர் அவ் வெண்கள் ஒளியின் துடிப்புகளாக மாற்றப்படும். கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியைச் சீரொளிக் கருவி ஒரு நொடியில் கோடிக்கணக்கான முறை துடிக்கச் செய்யும். மறுகரையில் உள்ள கருவி அத் துடிப்புகளைப் படித்து மீண்டும் பேச்சாக்கும். கண்ணாடிக்குள் ஒளியின் விரைவு நொடிக்கு ஏறத்தாழ இரண்டு நூறாயிரம் கி.மீ. ஆகவே தொங்காவிலிருந்து பிசிக்குச் செல்ல ஆயிரத்தில் நான்கு நொடி போதும். வானில் 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்கவோ கால் நொடி வேண்டும். விரைவு மட்டுமன்று, கொள்ளளவிலும் வடத்துக்குச் செயற்கைக்கோள் நிகராகாது. உலக நாடுகளிடையே ஓடும் செய்திகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவை கடலடி வடங்களின் வழியே செல்கின்றன. எல்லாம் வானத்து வழியே வருகின்றன என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அவை மீன்கள் உலவும் ஆழத்தில் ஊர்ந்து வருகின்றன.

நெடுந்தொலைவு செல்லும் ஒளி தளரும். அதனால் 60 முதல் 100 கி.மீ. இடைவெளிக்கு ஒன்றாக ஒளிபெருக்கிகளை வடத்திலேயே பொருத்துவர். அவற்றுக்கு வேண்டிய மின்னாற்றலைக் கரையிலிருந்து, வடத்துக்குள் உள்ள செப்புக் குழாய் கொண்டு செல்லும். அதன்மேல் நெகிழி உறை. கரைக்கு அருகே நங்கூரமும் வலையும் படக்கூடிய இடங்களில் எஃகுக் கம்பிகளைச் சுற்றிக் கவசமிடுவர். ஆழ்கடலிலோ கவசமின்றி, கைப் பெருவிரற் பருமனே உள்ள வடம் சேற்றின்மேல் கிடக்கும். ஓர் ஆண்டில் உலகெங்கும் 150 முதல் 200 வரை வடப் பழுதுகள் நேர்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை மீன்வலையாலும் நங்கூரத்தாலும் நேர்பவை. பல வடங்கள் உள்ள நாட்டில் ஒன்று அறுந்தால் மற்றொன்று தாங்கும். மக்கள் அறியவும் மாட்டார். ஒற்றை வடம் உள்ள நாட்டின் நிலை வேறு.

முப்பத்தெட்டு நாள்

தொங்காவுக்கு அவ் வடம் வந்தது 2013-ஆம் ஆண்டில். அதுவரை செயற்கைக்கோள் ஒன்றே துணை. விலையோ மிகுதி, அளவோ குறைவு. வடம் வந்ததும் வாழ்க்கை மாறியது. நியூசிலாந்தில் மட்டும் எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட தொங்கர் வாழ்கின்றனர். ஆத்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பலர் உளர். பிறந்த மண்ணில் இருப்போரைவிட வெளியே இருப்போர் மிகுதி. அவர்கள் ஈட்டி அனுப்பும் பணம் அந் நாட்டு மொத்த வருவாயின் ஐந்தில் இரு பங்கைத் தாண்டும். பணமும் பாசமும் அவ் வொரே இழைவழியே வந்தன.

முதல் எச்சரிக்கை 2019 சனவரியில் வந்தது. வடம் அறுந்தது; கப்பல் நங்கூரம் இழுத்ததே கரணியமாகக் கருதப்பட்டது. ஏறத்தாழ இரு கிழமை நாடு தவித்தது. மாற்றுவழி வேண்டும் என்று அப்போது பேசினர். மூன்றாண்டு கழித்துப் பேரிடர் வந்தபோது அம் மாற்றுவழி கைக்கு எட்டியிருக்கவில்லை. இடர் நீங்கியதும் எச்சரிக்கையை மறப்பது எல்லா நாட்டார்க்கும் பொதுவான குறை போலும்!

2022-இல் நேர்ந்தது வெறும் அறுப்பன்று. ஏறத்தாழ 90 கி.மீ. நீளத்துக்கு வடம் சிதைந்தது. துண்டுகள் இடம்பெயர்ந்து சேற்றுள் புதைந்தன. முதற் சில நாள்களில் அயல்நாட்டில் இருந்த மகனுக்குத் தாய் உயிரோடு இருக்கின்றாளா என்று அறிய வழியில்லை. நியூசிலாந்தும் ஆத்திரேலியாவும் வானூர்திகளை அனுப்பி, மேலிருந்து படமெடுத்தே நிலைமையை அறிந்தன. வானூர்தி நிலையத்தின் ஓடுபாதை சாம்பலால் மூடிக் கிடந்தது. மக்கள் துடைப்பமும் மண்வாரியும் தள்ளுவண்டியும் கொண்டு அதனைக் கையாலேயே கூட்டித் துப்புரவு செய்தனர். தொலைத்தீவுகளின் நிலையறியக் கடற்படைப் படகுகள் சென்றன. பின்னர்ச் செயற்கைக்கோள் வழியே சிறிதளவு பேச்சு வந்தது. அதற்கும் நெடுநேரம் காத்திருக்க வேண்டும்.

பழுதுபார்க்கும் கப்பல் அயல்நாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. அத்தகைய கப்பல்கள் உலகில் மிகச் சிலவே. அறுபட்ட இடத்தை அறிவதும் ஒளியாலேதான். கரையிலிருந்து ஒளித்துடிப்பை விட்டு, அது அறுமுனையிற் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணிப்பர். பிறகு கப்பல் அவ் விடம் சென்று, கொளுவியைக் கடலடியில் இழுத்து வடத்தைத் தேடும். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி விட்டுத் தேடுவது போல. கிடைத்த முனையை மேலே தூக்கி, மயிரிழைக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உருக்கி ஒட்டிப் புதுவடத்தைச் சேர்ப்பர். இவ்வாறு 2022 பிப்பிரவரி 22-ஆம் நாள் பிசி வடம் மீண்டும் உயிர்பெற்றது. இடையில் கழிந்தவை முப்பத்தெட்டு நாள். உள்நாட்டு வடத்துக்கோ போதிய இருப்பு இல்லாமையால் புதிதாகச் செய்வித்துக் கொணர வேண்டியதாயிற்று. அது சீர்பட ஒன்றரை ஆண்டு சென்றது.

இனி ஒன்றை எண்ணிப் பாருங்கள். முப்பத்தெட்டு நாள் இழை அறுந்திருந்தது. அதனால் தொங்கர் தொங்கர் அல்லாராய்ப் போயினரா? இல்லை. வீட்டில் தொங்கமொழி இருந்தது. வழிபாட்டில் தொங்கமொழி இருந்தது. நாட்டு வானொலியில் தொங்கமொழி இருந்தது. சாம்பலைக் கூட்டியபோது ஒருவரையொருவர் அழைத்ததும் அம் மொழியிலேதான். இழை மீண்டும் ஒட்டப்பட்டபோது, ஆக்குலாந்திலிருந்து பேசிய பேரனுக்கும் தீவிலிருந்து கேட்ட பாட்டிக்கும் இடையே ஓடியதும் அதுவே. இழை அறுந்தும் மொழி அறவில்லை. இது தொங்கா முனையின் படிப்பினை.

மறுமுனையில் தமிழர்

இனி மறுமுனைக்கு வருக. அவ் வடம் பிசியில் கரையேறும் இடம் தலைநகராகிய சுவா. சுவாவுக்குக் கடலடி வடம் புதியதன்று. 1902-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலப் பேரரசு கனடாவிலிருந்து ஆத்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இட்ட தந்தி வடம் சுவாவில் கரையேறிச் சென்றது. பேரரசின் ஆட்சி மண்ணிலேயே தொடங்கி அதன் மண்ணிலேயே முடியும் வண்ணம் அவ் வழியை வகுத்தனர். யார் ஆள்கின்றாரோ அவர் தமக்கு வேண்டிய இடத்தில் இழையை இடுவர் என்பதற்கு இது சான்று. சுவாவுக்கு 1902-இல் வந்த வடம் அண்டையிலிருந்த தொங்காவுக்கு வர 111 ஆண்டு சென்றது.

அவ் வடம் வந்த மறு ஆண்டு, 1903-இல், சென்னைத் துறைமுகத்திலிருந்து முதற் கூலிக் கப்பல் பிசிக்குச் சென்றது. வடநாட்டிலிருந்து 1879 முதலே ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டிருந்தனர். 1903-க்குப் பின் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் ஏற்றப்பட்டனர். 1916 வரை சென்ற ஏறத்தாழ அறுபதாயிரவருள் காற்பங்கினர் தென்னாட்டார். கரும்புத் தோட்டத்தில் அவர்கள் பட்ட பாட்டை, குறிப்பாகப் பெண்கள் பட்ட துயரை, பாரதியார் பாடித் தமிழர் நெஞ்சில் ஏற்றினார்.

அவர்கள் உழைத்த தீவின் கரையிலே உலகை வளைத்த வடம் கிடந்தது. அதன் வழியே சர்க்கரை விலை போயிற்று. ஆட்சியாளர் ஆணை வந்தது. ஆனால் ஊரில் விட்டுவந்த தாய்க்கு ஒரு சொல் அனுப்ப அக் கூலித் தமிழனால் இயலவில்லை. தந்திக்கூலி அவன் கைக்கு எட்டாதது. எழுத்தறிந்தார் சிலரே. எழுதிய மடலும் கப்பலில் திங்கட்கணக்கில் செல்லும். இழை இருந்தது, எளியோர்க்கு எட்டவில்லை.

தோட்டத்தில் பல மொழியாரும் ஒன்றாய்க் கிடந்தனர். மேலாள் பேசியதும், பெருந்தொகையினர் பேசியதும் இந்திக் கலவை. தமிழர் சிறுபான்மை, அவர்களும் பிரித்து வைக்கப்பட்டனர். பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கப் பள்ளியில்லை. ஈரைந்து ஆண்டில் பிள்ளையின் நா மாறியது; ஒரு தலைமுறையில் வீட்டின் நா மாறியது. அவர்களைக் குறை கூறுவோர் அவர்கள் பட்ட பாட்டை அறியாதோர். அவர்கள் வாளா இருக்கவுமில்லை. 1926-இல் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் கண்டனர். பெயரில் வடசொல் மிகினும் செயலில் தமிழுள்ளம் இருந்தது. பள்ளிகள் எழுப்பினர், தமிழ் கற்பித்தனர். நந்தி நகரில் முருகனுக்குத் திராவிடக் கட்டட முறையில் வானளாவும் கோயில் எடுத்தனர். ஆயினும் இன்று அவர்தம் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோர் இல்லத்தில் வழங்குவது பிசி இந்தியே. பெயரில் தமிழ் உண்டு, கோயிலில் தமிழ் உண்டு, அடுக்களையில் இல்லை.

2000-ஆம் ஆண்டில் பெருங்கொள்ளளவுள்ள ஒளியிழை வடம் ஒன்று பிசியைத் தொட்டது. இன்று பிசித் தமிழனின் கையிலும் தொலைபேசி உண்டு. தஞ்சையோடும் வேலூரோடும் நொடிப்பொழுதில் பேசலாம். முப்பாட்டனுக்கு எட்டாத இழை பேரன் விரல்நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் அவ் விழையில் இடுவதற்கு முப்பாட்டனின் மொழி அவன் நாவில் இல்லை! இழை வந்தது, மொழி அறுந்தது. இது பிசி முனையின் படிப்பினை.

அறுந்த வடத்தை ஒட்டக் கப்பல் உண்டு. முப்பத்தெட்டு நாளில் ஒட்டிவிட்டனர். அறுந்த மொழியை ஒட்ட எந்தக் கப்பல் வரும்?

தொங்கர் சொல்லாக்கம்

தொங்கர் மொழி நிலைத்ததற்குத் தனியரசு ஒரு கரணியம், ஐயமில்லை. சொல்லாக்கும் துணிவு மற்றொன்று. வானூர்தி வந்தபோது அவர்கள் திகைக்கவில்லை. 'வக்கா' என்றால் அவர்கள் மொழியில் கலம். 'புனா' என்றால் பறத்தல். இரண்டையும் சேர்த்து 'வக்காபுனா' என்றனர், பறக்கும் கலம். மருத்துவமனை வந்தது. 'பலெ' என்றால் இல்லம். 'மகாக்கி' என்றால் நோய். 'பலெமகாக்கி' என்றனர். கிறித்தவ மறைநூல் வந்தது. 'தோகி' நூல், 'தாபு' திரு. 'தோகிதாபு' என்றனர். அயற்சொற்களையும் அவர்கள் ஏற்றதுண்டு. ஏற்கும்போது தம் மொழியின் ஒலிமுறைக்கு அதனைப் பணிய வைத்தனர். அவர்கள் மொழியில் அசையெல்லாம் உயிரில் முடியும். அதனால் கிறித்து என்னும் பெயரும் 'கலைசி' ஆயிற்று. அயல் எழுத்தை நீக்கித் தம் எழுத்தால் வழங்குக என்று தொல்காப்பியர் தமிழுக்கு வகுத்த நெறியும் அதுவேயன்றோ? நூல் பார்த்து அவர்கள் அதனைச் செய்யவில்லை. தன்மானம் உள்ள மொழி தானாகவே அவ்வாறு செய்யும்.

அங்கும் எல்லாம் நிறைவென்று கூறுவதற்கில்லை. ஆங்கிலமும் அந் நாட்டு ஆட்சிமொழிகளுள் ஒன்று. உயர்நிலைக் கல்வியில் அதன் ஆட்சி மிகுதி. அயல்நாட்டிற் பிறந்த பிள்ளைகள் மொழியை மறப்பரோ என்னும் அச்சமும் உண்டு. அதனாலேயே நியூசிலாந்தில் ஆண்டுதோறும் தொங்கமொழிக் கிழமை கொண்டாடப்படுகின்றது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுதல் அறிவுடைமை.

தமிழர் கடன்

தமிழ்நாட்டின் கரையிலும் இத்தகைய வடங்கள் பல ஏறியுள்ளன. 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஒன்று. 2006-இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஒன்று. 2020-இல் சென்னையிலிருந்து அந்தமானுக்கு ஒன்று. இழைக்குக் குறையில்லை. அவ் விழைகளில் தமிழர் இடுவது எது என்பதே வினா.

வெளிநாட்டில் உள்ள மகன் அழைக்கின்றான். தாய் தமிழில் தொடங்குகின்றாள். பேரப்பிள்ளை வந்ததும் அவளும் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்துக்கு மாறுகின்றாள். பிள்ளைக்குப் புரிய வேண்டுமே என்பது அவள் அன்பு. அவ் வன்பே பிள்ளையின் தமிழை அறுக்கும் வாளாகின்றது! பிசித் தீவில் கங்காணியின் கசை செய்த வேலையை, இன்று பாட்டியின் பரிவு செய்கின்றது. தோட்டத்துத் தமிழனுக்கு வேறு வழியில்லை. இன்றைய தமிழனுக்கு வழியுண்டு, மனமில்லை.

இம் மன்றத்தில் உள்ளோர் தம்மையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழ் இன்று எத்தனை இழைகளால் தமிழனோடு கட்டப்பட்டுள்ளது? பள்ளி ஓர் இழை. அது பெரும்பாலும் அறுந்து ஆங்கில வழியாயிற்று. கடைத்தெரு ஓர் இழை. பெயர்ப்பலகையைப் பார்த்தால் விளங்கும். அலுவலகம், வழக்குமன்றம், கோயில், தொழிற்கூடம் எனப் பல இழைகள். சில அறுந்தன, சில நைந்தன. எஞ்சி நிற்பது மேடை. மேடையில் தனித்தமிழ் முழங்குகின்றது, மகிழத்தக்கதே. ஆனால் மேடை ஒன்றையே நம்பும் மொழி, ஒற்றை வடத்தை நம்பிய நாட்டை ஒக்கும். ஒரு வெடிப்பு வந்தால் போதும்.

ஆதலால் இழைகளைப் பெருக்குக. ஆசிரியராயிருப்போர் கிழமைக்கு ஒரு புதுப்பொருளை எடுத்து, அது எவ்வாறு இயங்குகின்றது என்பதைத் தமிழிலேயே மாணவர்க்கு விளக்குக. வெறும் பெயரை மாற்றிவிட்டு நிற்றல் போதாது. இயக்கத்தை விளக்கினால் பெயர் தானே நிலைக்கும். கடை வைத்திருப்போர் பலகையைத் தமிழாக்குவதோடு நில்லாது, விலைச்சீட்டையும் தமிழில் எழுதுக. அயல்நாட்டில் பிள்ளைகள் உள்ளோர், கிழமைதோறும் பேசும்போது பேரப்பிள்ளையைத் தமிழில் ஒரு பக்கம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிழை நேர்ந்தால் திருத்துங்கள், நகையாடாதீர். அவன் ஆங்கிலத்தில் விடை சொன்னாலும் நீங்கள் தமிழிலேயே வினவுங்கள். ஓராண்டு பொறுத்தால் அவன் தமிழில் விடுக்கும் முதல் வினா உங்கள் செவிக்கு வரும்.

கடலடியில் கிடக்கும் கண்ணாடிக்கு மொழியில்லை. தொங்கமொழியை இட்டால் தொங்கமொழியைச் சுமக்கும். இந்தியை இட்டால் இந்தியைச் சுமக்கும். தமிழை இட்டால் தமிழைச் சுமக்கும். இழையை அயலாரும் செய்து தருவர். அறுந்தால் ஒட்டியும் தருவர். அதில் இட வேண்டிய மொழியை அவரவர் வீட்டுத் திண்ணையிலும் அடுக்களையிலும் அவரவரே காக்க வேண்டும்.

தொங்கர் காத்தனர். தமிழரும் காப்பாராக!

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!